கூடைக்கடியில் நின்ற கார்

தென்பாண்டிச் சீமையில் ஒரு மகளிர் கல்லூரி இருந்தது. அதன் கூடைப்பந்து அணிக்கு ஆறு ஆண்டுகளில் ஐந்து கோப்பைகளை வென்று தந்தவர் தலைமைப் பயிற்சியாளர் ஜெசிந்தா. கல்லூரியின் தாளாளர் நல்லபெருமாளோ, அந்த ஐந்தும் தம் ராசியால் வந்தவை என்று மேடைதோறும் முழங்கி வந்தார்.

ஆடுகளத்தில் இருந்தது ஒரே கூடை. அதனடியில் மட்டுமே புங்கமர நிழல் விழும். தாளாளர் தமது புதிய காரை அங்கே கொண்டுவந்து நிறுத்தினார்.

"காரை நகர்த்த மாட்டேன். அதன்மேல் ஒரு பந்துகூட விழக் கூடாது. பயிற்சியும் நிற்கக் கூடாது. ஆறாவது கோப்பை வராவிட்டால் உங்களுக்கு இங்கே வேலை கிடையாது, அம்மா" என்றார்.

"அப்படியே ஆகட்டும் ஐயா" என்றார் ஜெசிந்தா.

பதினைந்தாம் நாள் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பார்வையிட வந்தார். "நான் உருவாக்கிய அணியைப் பாருங்கள்" என்று தாளாளர் அழைத்துச் சென்றார். மாணவியர் பன்னிருவரும் வரிசையாக எறிந்தனர். பன்னிரண்டு பந்துகளும் வளையத்தின் முன்விளிம்பில் ஒரே இடத்தில் பட்டு, எறிந்தவரிடமே திரும்பி வந்தன.

"இவர்களா கோப்பை வாங்கியவர்கள்?" என்றார் துணைவேந்தர்.

"என்னம்மா இது, மானத்தை வாங்குகிறீர்களே!" என்று சீறினார் தாளாளர்.

"கூடைக்குள் போகும் பந்து நேரே கார்மேல்தான் விழும், ஐயா. ஆகையால் உள்ளே போடாமலிருக்கப் பழக்கினேன். பிள்ளைகள் நன்றாகத் தேறிவிட்டார்கள். ஒரே ஒரு சந்தேகம்: இறுதிப் போட்டிக்கும் கார் வருமா?"

துணைவேந்தர் சிரிக்கவில்லை. தாளாளரைப் பார்த்தபடியே நின்றார்.

தாளாளர் தாமே காரை எடுத்துச் சென்று வெயிலில் நிறுத்திவிட்டு வருவதற்குள், பன்னிரண்டு பந்துகளும் கூடைக்குள் விழுந்திருந்தன.