பவளத்துக்கு வரன்

"தாயி, என் வீட்டு நாய்ங்களுக்கு யாரோ கண்ணு வச்சிட்டாங்க."

சொன்னவர் திருமலையப்பன், வயசு அறுபத்திரண்டு. கையில் ஒரு கயிறு. கயிற்றின் முனையில் ஐந்து மாத வெள்ளைக் குட்டி.

கேட்டவள் ஆவுடையம்மாள். அவரைவிட இருபது வயசு இளையவள். மலையடியில் ஓட்டுக் கொட்டகை போட்டுத் தனியாக இருக்கிறாள். ஊர் அவளைச் சாமியாரம்மா என்கிறது. அவள் தன்னை ஒன்றும் சொல்லிக்கொள்வதில்லை.

அவளிடம் ஒன்றைக் கேட்டால் பாதி நேரம் பதிலே வராது. அதற்காகவே பல பேர் போவதை நிறுத்திவிட்டார்கள். திருமலையப்பன் மட்டும் பத்து வருசமாக வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிறார். பிடிவாதக்காரர்.

நாய் விஷயத்திலும் அப்படித்தான்.

அவர் வீட்டு வேட்டைநாய்களைச் சுற்றுவட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. உடம்பு பால் வெள்ளை, மூக்கு மட்டும் ரோஸ். ஒரு நாய் மேலும் ஒரு புள்ளி இருக்காது. அதைச் சொல்லும்போது மனுசனுக்கு நெஞ்சு ஒரு சாண் நிமிரும். நிமிரட்டுமே, தன் பிள்ளைகளுக்கு முன்னால் நாய்க்குச் சோறு வைத்தவர்.

போன ஈற்றில் பவளம் ஆறு குட்டி போட்டது. இரண்டு பிறக்கும்போதே செத்துக் கிடந்தன. மூன்று, பால் குடிக்கத் தெம்பில்லாமல் ஒவ்வொன்றாகப் போயின. பஞ்சில் பால் நனைத்து ராப்பகலாக ஊட்டிப் பார்த்தார், நிற்கவில்லை.

மிஞ்சியது இந்த ஒன்று. இதுவும் கூப்பிட்டால் திரும்பாது. திமிர் என்று நினைத்து இரண்டு முறை அடித்தார். அப்புறம் கால்நடை டாக்டர் பார்த்துவிட்டு, இரண்டு காதும் கேட்காது என்று சொன்னார்.

"அடிச்சுப்புட்டேனே தாயி. எதுக்கு அடிக்கிறான்னுகூட அதுக்குத் தெரிஞ்சிருக்காது."

கண் கலங்கிவிட்டது. துண்டால் துடைத்துக்கொண்டார்.

அவருக்கு இரண்டு காரியம் ஆக வேண்டும். இந்தக் குட்டியைப் பார்க்கப் பார்க்க மனசு கேட்கவில்லை, அதனால் இது இங்கேயே இருக்கட்டும். பவளம் திரும்பவும் பருவத்துக்கு வரும் நாள் நெருங்கிவிட்டது. போன தடவை மாதிரியே அதன் அண்ணன் வைரனோடுதான் சேர்க்கப் போகிறார். இந்தத் தடவையாவது நல்ல குட்டியாக விழ, திருஷ்டி கழிய, விபூதி மந்திரித்துத் தர வேண்டும்.

ஆவுடையம்மாள் விபூதித் தட்டை எடுக்கவில்லை. போன வாரம் உங்க மகளைப் பார்க்க வந்தார்களே, அந்த வரன் என்ன ஆச்சு என்று கேட்டாள்.

அது தட்டிப்போச்சு என்றார்.

"பையனுக்கு என்ன குறை?"

ஒரு குறையும் இல்லையாம். தங்கமான பையன், நல்ல உத்தியோகம். பெண்ணுக்கும் பிடித்திருந்தது. காபி டம்ளரைக் கையில் எடுக்கும் முன்னால், உங்களுக்குக் குலதெய்வம் எந்த சாஸ்தா என்று இவர் கேட்டிருக்கிறார். அவர்கள் இவருடைய சாஸ்தாவையே சொன்னார்கள். அத்தோடு பேச்சு முடிந்தது.

"முன்னப்பின்ன பழக்கம் உண்டா?"

"ஏழு தலைமுறையா போக்குவரத்தே கிடையாது. அவங்க ஊர்ப் பேருகூட நான் கேட்டதில்ல. ஆனா சாஸ்தா ஒண்ணுன்னா பங்காளி தாயி. பையன் என் மகளுக்கு அண்ணன் முறை. தெரிஞ்சே யாராவது கொடுப்பாங்களா?"

ஆவுடையம்மாள் தலையாட்டினாள்.

"பவளத்துக்கு அப்பன் யாரு?"

திருமலையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பார்.

"பவளம், வைரன் ரெண்டுக்கும் அப்பன் ராசு. அம்மா, ராசுவோட தங்கச்சி செண்பகம். எல்லாம் என் வீட்டு வளவுக்குள்ளயே பொறந்தது. இருபத்தஞ்சு வருசமா வெளி ரத்தம் ஒரு சொட்டு கலக்கல. ராசுவுக்கும் செண்பகத்துக்கும் அப்பன் மருது. அம்மா..."

நிறுத்தினார்.

"சொல்லுங்க ஐயா."

"அம்மா, மருதுவோட மக."

குரல் இறங்கிவிட்டது. அதற்கு மேலே இருந்த பேர்களும் அவருக்குத் தெரியும். சொல்லவில்லை.

குட்டி கொட்டகைத் தரையில் போட்டிருந்த மரப்பலகை மேல் படுத்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. ஆவுடையம்மாள் எழுந்து அதன் முதுகுப் பக்கம் போய்ப் பலமாகக் கை தட்டினாள். அது அசையவில்லை.

குதிகாலால் பலகையை ஓங்கி ஒரு மிதி மிதித்தாள்.

குட்டி சட்டென்று திரும்பியது. அவளைப் பார்த்தது. வாலை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தது.

கயிற்றை எடுத்துத் திருமலையப்பன் கையில் கொடுத்தாள்.

"உங்க பிள்ளை. நீங்களே கூப்பிட்டுக்கோங்க."

விபூதி, என்று இழுத்தார். அவள் குடத்தைத் தூக்கிக்கொண்டு பூசணிக்கொடிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டாள்.

கொட்டகையிலிருந்து ஊர்ப் பாதைக்கு வந்தால் வலது பக்கம் அவர் வீடு. திருமலையப்பன் இடது பக்கம் திரும்பினார்.

அங்கே ஈஸ்வரமூர்த்தி வீடு. அவரும் வெள்ளை நாய் வளர்க்கிறவர். இரண்டு பேரும் பேசி எட்டு வருசமாகிறது. ஈஸ்வரமூர்த்தியின் ஆண் நாய் செவலைக்கு இடது காது செம்பட்டை. அதை வைத்து, அது கலப்பட நாய் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவர் திருமலையப்பன்.

வாசலில் ஆளைப் பார்த்ததும் ஈஸ்வரமூர்த்திக்கு ஒன்றும் ஓடவில்லை. இருந்தாலும் வீடு தேடி வந்தவர். உட்காரச் சொன்னார். காபி வந்தது.

திருமலையப்பன் டம்ளரைத் தொடவில்லை.

"உங்க செவலைக்குத் தாய் தகப்பன் எந்த ஊரு?"

தாய் மேற்கே, மலைக்கு அந்தப் பக்கத்து ஊர். தகப்பன் கடற்கரைப் பக்கம். ஈஸ்வரமூர்த்தி வரிசையாகச் சொன்னார். சொல்லிவிட்டு, உங்க வளவு நாய்களுக்கும் இதுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை, பயப்பட வேண்டாம் என்று குத்தலாகச் சேர்த்துக்கொண்டார்.

திருமலையப்பன் டம்ளரை எடுத்துக் காபியைக் குடித்தார்.

ஈஸ்வரமூர்த்திக்கு அப்போதுதான் விஷயம் புரிந்தது. செவலையைக் கை காட்டினார். பிறகு கேட்டார்.

"காது செம்பட்டையா இருக்கே. அதானே உங்களுக்குப் பெரிய குறை?"

செவலை வாசல்படியில் முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. திருமலையப்பன் மெதுவாக, பக்கத்தில் இருப்பவருக்கே சரியாகக் கேட்காத குரலில், அதன் பேரைச் சொன்னார்.

செம்பட்டைக் காது நிமிர்ந்தது. நாய் திரும்பிப் பார்த்தது.

"கேக்குதே," என்றார் திருமலையப்பன்.