மூன்றாவது இலை

அந்த மடத்தில் ஒருவர் அறைக்குள் இன்னொருவர் நுழைவதில்லை. அதனால் விஷக்காய்ச்சல் பரவியபோது, முன்பு வைத்தியராக இருந்த குரு ஒரு வழக்கம் கொண்டுவந்தார். விடிந்ததும் அவரவர் அறையைக் கூட்டி, அந்தக் குப்பையில் ஒரு பிடியை இலையில் வைத்து வாசலில் வைக்க வேண்டும். அதைப் பார்த்தே உள்ளே நோய் உண்டா என்று முடிவாகும். நோய் கண்டவரை மலைக் குடிசைக்கு அனுப்பிவிடுவார்கள். போனவர்களில் பாதிப்பேர்கூடத் திரும்பவில்லை.

இலை பார்க்கும் வேலையைத் தனக்குத் தரச் சொல்லிக் குருவிடம் வந்தார், மடத்திலேயே ஓர் அறையில் தங்கியிருந்த நீலமேகம். சுங்கச்சாவடியில் இருபது வருஷம் மூட்டை பிரித்தவர். பெற்ற பிள்ளை பையையும் துழாவிப் பார்க்கிற ஆள்.

"உடம்புக்குள்ளயும் இதே கததானாமே, சாமி?"

"ஆமா. கிருமி செல்லுக்குள்ள பூந்துட்டா வெளிய நிக்கற காவல் அணுவுக்குத் தெரியாது. அதனால ஒவ்வொரு செல்லும் உள்ள இருக்கறதத் துண்டு துண்டா வெளிய நீட்டும். வேத்துத் துண்டு தட்டுப்பட்டா, அந்தச் செல்லையே காவல் தீத்துக்கட்டிரும்."

"எதையும் நீட்டாம ஒரு செல்லு கமுக்கமா இருந்தா?"

"அத முடிக்க வேற காவல் இருக்கு."

நீலமேகத்துக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "அப்படித்தான் சாமி இருக்கணும். ஒருத்தனையும் நம்பக் கூடாது."

குரு அன்று வந்த மூன்று பிடிகளைப் புது இலைகளுக்கு மாற்றி எடுத்துவந்தார்.

முதல் இரண்டையும் நீலமேகம் முகர்ந்து பார்த்துத் தள்ளிவைத்தார். மூன்றாவதைக் கிளறியதும் நிமிர்ந்தார்.

"கறை படிஞ்ச துணிக் கிழிசல். சுக்குத் தோல். மறைச்சு வச்சு மருந்து பாக்கறான். இன்னிக்கே குடிசைக்கு ஏத்திருங்க."

"அங்க போனா செத்தாலும் செத்துருவான்."

"சாகட்டும் சாமி. மத்தவங்க பொழைக்கணும்ல?"

"யாரோட அறைன்னு நீ கேக்கல."

"எவனா இருந்தா என்ன?"

"உன்னோடது."

நீலமேகம் மறுபடி இலையைப் பார்த்தார். காலையில் அவசரத்தில் கூட்டித் தள்ளியது. "அது... முட்டிவலிக்குத் தைலம் போட்ட துணி, சாமி." குரல் இறங்கிவிட்டது. பயமாக இருந்தது.

குரு சொன்னார்: "துண்டு பாக்கற அந்தக் காவல் அணுவ உடம்பு எடுத்த எடுப்புல வேலைக்கு விடறதில்ல. நெஞ்சுக்குள்ள ஓரிடத்துல வச்சு, சொந்த உடம்போட துண்டுகளையே காட்டிப் பாக்கும். எதிரின்னு பாஞ்சா, அது தேறல."

"தேறாதத வெளிய அனுப்பிருமா?"

"இல்ல. அங்கயே சாகடிச்சிரும்."