கக்கத்தில் ஒரு தாள்

"மேடம், என் கையில காயுது. அவங்க கக்கத்துல மட்டும் ஏன் பிசுபிசுங்குது?"

அருளப்பன் இதைக் கேட்டது ஒரு திங்கட்கிழமை காலையில். இடம், மறைமலை நகரில் பவுடரும் கிரீமும் செய்யும் ஒரு கம்பெனியின் லேப். கேட்டது ஜுலைகா மேடத்திடம். லேபுக்கு அவர்தான் தலைவி.

நான் அதே லேபில் எடை போடுகிறவன். தராசுக்கு முன்னால் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்தேன்.

அருளப்பனுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேடத்துக்கு நாற்பத்தொன்று. அருளப்பன் இருபத்தாறு வருஷம் சோப்பு காய்ச்சியவர், அந்தச் சோப்புக் கம்பெனியை மூடியதும் இங்கே வந்து மறுபடி முதல் வகுப்பில் உட்கார்ந்தார். தன்னைவிடச் சின்னவரிடம் கற்றுக்கொள்வதில் அவருக்கு வெட்கம் இல்லை. பயம்தான் இருந்தது.

வேர்வையை நிறுத்தும் ஸ்டிக் ஒன்றை அவர் ஆறு மாசத்தில் உருவாக்க வேண்டும். வெள்ளிக்கிழமை தவணை முடிகிறது. அன்றைக்குப் பன்னிரண்டு பெண்கள் அதைப் போட்டுப் பார்த்துத் தீர்ப்பு எழுதுவார்கள். எட்டுப் பேராவது 'பிசுபிசுப்பு இல்லை' என்று எழுதினால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் ஸ்டிக்கும் கிடையாது, அருளப்பனும் கிடையாது.

வீட்டில் என்னடாவென்றால், வேலை நிரந்தரமாகிவிட்டது என்றே சொல்லி வைத்திருந்தார்.

"ஏன் சார் இப்படி?" என்று கேட்டேன்.

"என் வீட்டுக்காரி முகத்தைப் பார்த்தேன். வேற சொல்ல வாய் வரலப்பா."

போன தடவை பன்னிரண்டில் ஒன்பது பேர் பிசுபிசுப்பு என்று எழுதியிருந்தார்கள். பூங்கோதை என்று ஒரு பி.டி. டீச்சர். அந்த அம்மா எழுதியதை நான் மறக்கவே மாட்டேன். 'வடை சுட்ட கையைக் கழுவாமல் விட்டது போல் உள்ளது.'

மேடம் அருளப்பனின் முன்கையைப் பிடித்துப் பார்த்தார். அதில் மூன்று கோடுகள். பக்கத்தில் பேனாவால் 21, 22, 23. எங்கள் லேபில் எல்லோருக்கும் அப்படித்தான். எதைச் செய்தாலும் முன்கையில் ஒரு இழுப்பு, பக்கத்தில் ஒரு எண். சாயந்திரம் எங்கள் கைகளைப் பார்த்தால் தையல்காரர் நாடா மாதிரி இருக்கும்.

மேடம் 23-ஐ விரலால் தடவினார்.

"காயுது."

"ஆமா மேடம். நல்லாவே காயுது."

"அவங்க பொய் சொல்றாங்களா?"

"ஒம்பது பேரும் சேர்ந்து எதுக்கு மேடம் பொய் சொல்லணும்?"

"அதானே."

மேடம் கொஞ்ச நேரம் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்.

"சார், அந்தக் கதவைச் சாத்துங்க."

அருளப்பன் எழுந்து போய்ச் சாத்தினார்.

"ஜன்னலையும்."

சாத்தினார்.

"இப்ப உள்ள இருக்கிற காத்து எங்க போகும்?"

"எங்கயும் போகாது மேடம்."

"ம்." மேடம் தன் நோட்டில் எழுதப் போய்விட்டார்.

இந்தப் பழக்கம்தான் எனக்குப் பிடிக்காது. மனுஷன் வேலை போகும் பயத்தில் வந்து நிற்கிறான். வாயைத் திறந்து சொல்லித் தொலைத்தால் என்ன?

அருளப்பன் தன் மேஜைக்குத் திரும்பினார். ஆறு மாசமாகச் செய்ததையே திரும்பச் செய்தார். பிசுபிசுப்பு என்றால் அதை உறிஞ்ச மாவு சேர்ப்பார். மாவு சேர்த்தால் தோலில் வெள்ளை தெரியும். வெள்ளையை மறைக்க எண்ணெய் சேர்ப்பார். எண்ணெய் சேர்த்தால் மறுபடி பிசுபிசுப்பு. செக்கு மாடு கெட்டது போங்கள்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடி போய் நின்றார்.

"கதவைப் பத்தி ராத்திரி பூரா யோசிச்சேன் மேடம். ஒண்ணும் பிடிபடல."

மேடம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்தார். நான்காக மடித்தார். அவரிடம் நீட்டினார்.

"23-ஐ உங்க கக்கத்துல போட்டுக்கங்க. இந்தத் தாளைச் சட்டைக்குள்ள விட்டு, கக்கத்துல இடுக்கிக்கங்க. மத்தியானம் வரைக்கும் எடுக்காதீங்க."

அருளப்பன் கை நீட்டவில்லை.

முகம் மாறிவிட்டது. அப்படி ஒரு முகத்தை நான் அவரிடம் பார்த்ததே இல்லை.

"மன்னிக்கணும் மேடம். அது மட்டும் முடியாது."

"ஏன் சார்?"

"எங்க தாத்தா, துண்டைக் கக்கத்துல இடுக்கிட்டு அடுத்தவன் வாசல்ல நின்ன ஆளு. தோள்ல போட விடமாட்டாங்க. எங்கப்பா பதினாறு வயசுல அதே துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு ஊரை விட்டு வந்தாரு. சாகுறப்பவும் சொன்னாரு, எவன் சொன்னாலும் கக்கத்துல எதையும் இடுக்காதடான்னு. வேற எந்த வேலை வேணா சொல்லுங்க, செய்றேன். பாத்திரம் கழுவச் சொல்லுங்க, கழுவுறேன்."

லேபில் மிக்சி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. ஒருத்தி போய் அதையும் நிறுத்தினாள்.

ஜுலைகா மேடம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார்.

"எனக்குத் தெரியாது சார். தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டேன். மனசுல வச்சுக்காதீங்க."

"சேச்சே. உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அந்த ஸ்டிக்கைக் குடுங்க."

வாங்கிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார். திரும்பி வந்தபோது இடது கையை உடம்போடு ஒட்ட வைத்திருந்தார். தாள் சுடிதார் கைக்குள்ளே இருந்தது.

அன்று காலை முழுக்க மேடம் ஒற்றைக் கையால் வேலை செய்தார். ஒற்றைக் கையால் பீக்கரைத் தூக்கினார். மூடியைப் பல்லால் கடித்துத் திறக்கப் போய், பிறகு என்னைக் கூப்பிட்டுத் திறக்கச் சொன்னார். ஃபோன் வந்தபோது எடுக்க முடியாமல் அது அடித்து ஓய்ந்தது. மேனேஜர் எட்டிப் பார்த்து, "தோள் வலியா மேடம்?" என்றார். "ஆமா சார், லேசா" என்றார் மேடம்.

அருளப்பன் வேலை செய்கிற மாதிரி செய்தாரே தவிர, கண் எல்லாம் அந்தக் கைமேல்தான். பத்தரை மணிக்கு வாய்விட்டுக் கேட்டார்.

"எப்படி மேடம் இருக்கு?"

"பூங்கோதை டீச்சர் சரியாத்தான் எழுதியிருக்காங்க."

"அப்படியா!" அவர் குரலில் வருத்தத்தைவிட ஆச்சரியம்தான் இருந்தது. "முன்கையில போட்டது?"

மேடம் வலது முன்கையை நீட்டினார். அங்கேயும் 23 போட்டிருந்தார். அருளப்பன் தடவிப் பார்த்தார். சாக்பீஸ் தடவின மாதிரி காய்ந்து கிடந்தது.

"ஒரே ஸ்டிக்கு."

"ஒரே ஸ்டிக்கு சார்."

"ஒரே உடம்பு."

"ஒரே உடம்பு."

பன்னிரண்டரைக்கு மேடம் தாளை உருவினார். மேஜைமேல் விரித்தார். மடிப்புக்கு மடிப்பு எண்ணெய் பூத்திருந்தது. பஜ்ஜி மடித்த காகிதம் தோற்றது.

"இதுல உங்க பேரை எழுதுங்க சார்."

அருளப்பன் பேனாவை வைத்தார். 'அரு' வரைக்கும் வந்தது. அதற்குமேல் பேனா வழுக்கியது. அழுத்தினார். மறுபடி வழுக்கியது. தாள் பள்ளமானதுதான் மிச்சம்.

அவர் பேனாவைப் பார்த்தார். தாளைப் பார்த்தார். தன் முன்கையைப் பார்த்தார். பிறகு நிமிர்ந்து, நேற்றுத் தான் சாத்திய கதவைப் பார்த்தார்.

"அடக் கடவுளே. கதவு!"

மேடம் தாளை அவர் பக்கம் நகர்த்தினார்.

"முன்கை திறந்த வெளி. ஸ்பிரிட் மாதிரி பறக்க வேண்டிய சிலிக்கோன் திரவம் அங்க பறந்துடுது. கக்கம் சாத்தின அறை. தோலும் தோலும் ஒட்டிக் கிடக்கு, காத்து ஏது? போட்டவுடனே பஸ்ஸைப் பிடிக்க ஜாக்கெட்டை மாட்டிக்கிட்டு ஓடுறாங்க. பறக்க வேண்டியதும் எண்ணெயும் உள்ளேயே சேர்ந்து புரளுது. நான் இங்க கையை ஆட்டிக்கிட்டு, காயுது காயுதுன்னு..." தலையில் அடித்துக்கொண்டார். சிரித்தார். கண் கலங்கியிருந்தது.

"இதை ஏன் மேடம் ஆறு மாசமா சொல்லல?"

"எனக்கே தெரியாதே சார்."

"என்னது?"

"நானும் பன்னெண்டு வருஷமா முன்கையிலதான் தேய்க்கிறேன். எனக்குச் சொல்லிக் குடுத்தவரும் அப்படித்தான். நேத்து நீங்க கேட்டீங்க பாருங்க, என் கையில காயுது அவங்களுக்கு ஏன் காயலன்னு. அப்பதான் முதல்முறையா எனக்குச் சந்தேகமே வந்துச்சு."

அப்போதுதான் எனக்கு மேடம்மேல் இருந்த கோபம் போனது.

அன்று மத்தியானம் அருளப்பன் மாவு டப்பாவைத் தூக்கி மேல் தட்டில் வைத்தார். எண்ணெயைப் பாதிக்கும் கீழே குறைத்தார். வேர்வையை நிறுத்தும் உப்பை இன்னும் நைசாக அரைக்கச் சொன்னார், வெள்ளை தெரியாமல் இருக்க. மெழுகைக் கொஞ்சம் கூட்டினார், ஒரு இழுப்பில் மெல்லிசாகப் படிய. 24 தோலைப் பிராண்டியது. 25 உடைந்தது. வியாழக்கிழமை காலை 26 வந்தது.

முன்கையை மடக்கி, பேனாவை எடுத்து எண் எழுதப் போனார். பாதியில் நிறுத்தினார். சோப்பு போட்டு முன்கையைக் கழுவினார். ஸ்டிக்கை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போனார்.

இருபத்தாறு வருஷ சோப்பு, ஆறு மாச ஸ்டிக்கு. மனுஷன் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் தன் கக்கத்தில் ஒன்றைப் போட்டுக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குப் பன்னிரண்டு பெண்களுக்கும் 26 போனது. போட்டுக்கொண்டு அவரவர் வேலைக்குப் போக வேண்டும். சாயந்திரம் நாலு மணிக்கு வந்து தீர்ப்புத் தாளை நிரப்ப வேண்டும்.

அன்று காலையிலிருந்து அருளப்பன் நடந்த நடை சரியில்லை. இடது கையை ஒடுக்கிக்கொண்டு, அடிபட்ட கோழி மாதிரி நடந்தார். சாப்பாட்டு டப்பாவை ஒற்றைக் கையால் திறந்தார்.

"என்ன சார், சுளுக்கா?" என்றேன்.

"இல்லப்பா."

மூன்றே முக்காலுக்கு ஜுலைகா மேடம் உள்ளே வந்தார். மேஜைமேல் இருந்த தீர்ப்புத் தாள்களை எண்ணினார். பதினொன்றுதான் இருந்தது. சுற்றிப் பார்த்தார். அருளப்பனின் கையைப் பார்த்தார். திடுக்கிட்டு நின்றுவிட்டார்.

"சார், அந்த ஒரு தாள் எங்க?"

அவர் கையை இன்னும் ஒட்ட வைத்துக்கொண்டார்.

"சார்... வேணாம்னு சொன்னீங்களே. நான் மறுபடி சொல்லவே இல்லையே."

"நீங்க சொல்லல மேடம்," என்றார் அருளப்பன். "யாருமே சொல்லல. அதான் வச்சேன்."

நாலு மணிக்கு முதல் ஆளாக பூங்கோதை டீச்சர் வந்தார். வெயிலில் பிள்ளைகளை ஓட விட்டு, கூடவே ஓடிய முகம். கழுத்தில் விசில் தொங்கியது.

"எங்க சார் தாளு? சீக்கிரம் குடுங்க, எனக்கு பஸ்ஸு."

அருளப்பன் சட்டையின் மேல் பித்தான் இரண்டைக் கழற்றி, உள்ளே கைவிட்டு, கக்கத்திலிருந்து தாளை உருவி நீட்டினார்.

"ஐய்யே! என்ன சார் இது கர்மம்!"

"தொட்டுப் பாருங்க டீச்சர்."

பூங்கோதை இரண்டு விரலால் ஓரத்தைப் பிடித்து வாங்கினார். விரித்தார். முன்னால் பார்த்தார், திருப்பிப் பின்னால் பார்த்தார். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். கட்டை விரலால் நடுவில் ஒரு தேய் தேய்த்தார்.

"எப்பலேருந்து வச்சிருக்கீங்க?"

"ஏழரையிலேருந்து. நீங்க போட்ட அதே ஸ்டிக்கைப் போட்டுக்கிட்டு."

"யோவ் சார்!" என்றார் பூங்கோதை. தன் இடது கையை மெல்லத் தூக்கி இறக்கிப் பார்த்துக்கொண்டார். காலையிலிருந்து அதைப் பற்றி நினைக்கவே இல்லை என்பது அப்போதுதான் ஞாபகம் வந்த மாதிரி இருந்தது.

அருளப்பன் தன் பேனாவை நீட்டினார்.

பூங்கோதை தாளை மேஜைமேல் வைத்து, மடிப்பை நீவிவிட்டு, 'பிசுபிசுப்பு' என்று அச்சடித்திருந்த கட்டத்தில் எழுத ஆரம்பித்தார்.

அந்த அம்மா என்ன எழுதுகிறார் என்று அருளப்பன் பார்க்கவில்லை. பேனா முனையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அது ஒரு எழுத்தில்கூட வழுக்கவில்லை.