ஓடக்காரியிடம் படித்த பிள்ளைகள்

அரண்மனை வாத்தியார் அகோரத்துக்கு ஓடக்காரி சடைச்சியை நினைத்தாலே வயிறு எரியும். அவரிடம் செய்யுள் ஒப்பித்த பிள்ளைகள் வேலையில்லாமல் வீட்டில் கிடந்தார்கள். அவளிடம் படகு பழகியவர்களோ போன ஊரிலெல்லாம் பிழைத்துக்கொண்டார்கள். பொறுக்குமா? அவளை ராஜாவின் சபைக்கே இழுத்துவந்துவிட்டார்.

“இருபது வருஷம் கழித்து உன் பிள்ளைகளுக்கு என்ன வேலை கிடைக்கும்? சொல்! தெரியாவிட்டால் இனி யாருக்கும் எதுவும் சொல்லித்தரக் கூடாது” என்றார் வாத்தியார்.

“சொல்றேன் சாமி. அடுத்த வெள்ளம் வடிஞ்சதும் ஆத்துல மணல்திட்டு எங்கே இருக்கும்?” என்றாள் சடைச்சி.

“அது வெள்ளத்துக்கு வெள்ளம் மாறும். யாருக்குத் தெரியும்?”

“அதான் சாமி, நான் வழியைச் சொல்லித்தரல. கழியை விட்டு ஆழம் பார்க்கத்தான் சொல்லித்தர்றேன்.”

ராஜா சிரித்துவிட்டார். வாத்தியார் விறுவிறுவென்று துறைக்கு நடந்தார், வீடு அக்கரையில். படகில் கழியோடு நின்றது சாட்சாத் அவர் மகள்.

“பார்த்து ஏறுங்க, அப்பா.”