ஓசூர் வழியாக நாலு தெரு

"வெள்ளிக்கிழமைக்கு மேல எனக்குன்னு ஒரு கையெழுத்து வராதுங்க, சாமி" என்றார் சாமியப்பன்.

"யாரு போடற கையெழுத்து?" என்று கேட்டார் குரு.

"என்ற ஊட்டுக்காரி போடறதுங்க."

குரு சாமியப்பனைவிடப் பதினேழு வயது இளையவர். சங்ககிரிச் சாலையை ஒட்டிய ஒரு சின்னப் பாறைக் கரட்டின் அடியில், தகரக் கொட்டகையில் இருந்தார். முன்பு என்ன வேலை பார்த்தார் என்று யாரும் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. பகலில் வருகிறவர்களுக்குச் சோறு நிச்சயம். பேச்சு நிச்சயமில்லை.

சாமியப்பன் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஒரு பெரிய பார்சல் கம்பெனியில் எந்த வண்டி எந்த ஊர் வழியாகப் போக வேண்டும் என்று தடம் போடுகிறவர். இருபத்தெட்டு வருசமாக இதே வேலை. அவர் போட்ட தடத்தில் ஒரு வண்டிகூடக் காலியாக ஓடாது என்பார்கள். திருச்செங்கோட்டில் சொந்த வீடு. வீட்டில் அவர் ஒருத்தர்தான். ஒரு ஆளுக்குச் சமைத்தால் எப்படியும் மிஞ்சுகிறது என்று சமைப்பதையும் விட்டுவிட்டார்.

"எதுல போடறாங்க கையெழுத்து?"

சாமியப்பன் செல்போனை எடுத்துக் காட்டினார். யாரோ விரலால் அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள். உற்றுப் பார்த்தால் சுலோச்சனா என்று படிக்கலாம்.

"மாசம் ஒரு பொட்டி அனுப்புவேனுங்க. கடலை, நல்லெண்ணெய், முழங்காலுக்குத் தைலம். கொண்டு போற ஆள் போனை நீட்டுவான். அவ விரல்ல கையெழுத்துப் போட்டு வாங்கிக்குவா. அது எனக்கு வந்துருமுங்க. மூணு வருசத்துல முப்பத்தாறு வந்துருக்குது."

"வேற பேச்சு?"

"இல்லீங்க."

"என்ன ஆச்சு?"

"அவ அம்மா செத்தப்ப நான் போகலீங்க. எங்கியோ வெள்ளம், நாப்பது வண்டி நடு ரோட்டுல நிக்குது. ஆளுகிட்ட மாலை குடுத்து அனுப்பிச்சேன். காரியம் முடிஞ்சும் அவ திரும்பி வரலை. அண்ணன் ஊட்டுலயே இருந்துக்கிட்டா."

குரு கரட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை மகன் வந்து பூனாவுக்குக் கூட்டிட்டுப் போறானாம். இனி அங்கயேதானாம். அவனும் என்கூடப் பேசறதில்லை, அந்த விலாசம் எனக்குத் தெரியாது. நேத்து ஒரு பொட்டி போட்டுட்டேன். நாளைக்குப் போய்ச் சேரும். அதுல வர்றதுதான் கடைசிக் கையெழுத்துங்க."

சொல்லிவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"அண்ணன் ஊடு எத்தனை தூரம்?"

"நாலு தெரு தள்ளிங்க."

"நாலு தெருவுக்கு மூணு நாளா?"

தொழில் பேச்சு வந்ததும், அந்த அழுகைக்கு நடுவிலும் சாமியப்பனுக்கு முதுகு நிமிர்ந்துவிட்டது.

"பொட்டி ஓசூர் போயிட்டுத்தான் வரும், சாமி. எல்லா ஊருப் பொட்டியும் அங்க ஒண்ணு சேரும். ஊர்வாரியாப் பிரிப்பாங்க. நம்ம ஊருக்கு ஒரு வண்டி ரொம்புனதும் கிளம்பும். அந்தத் தடமே நான் போட்டதுதானுங்க."

"ஒத்தைப் பொட்டிய எடுத்துக்கிட்டு நேராப் போனா?"

"கட்டுபடியாகாதுங்க."

"சரி, சாப்பிட உக்காருங்க" என்றார் குரு.

அன்றைக்கு இருபது பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். குரு பக்கத்திலேயே சாமியப்பனுக்கு இடம். முழங்கை இடிக்கிற நெருக்கம்.

குரு ஒரு டம்ளரில் கொள்ளு ரசம் ஊற்றினார். ஆவி பறந்தது. சாமியப்பன் கையை நீட்டினார்.

குரு அதை அந்தப் பக்கம் இருந்தவரிடம் கொடுத்தார். "இது சாமியப்பனுக்கு. கரட்டு மேல இருக்கற அறைக்குக் கொண்டுபோங்க. அங்க பத்து டம்ளர் சேரட்டும். எல்லாத்தையும் ஒரே தட்டுல வெச்சு எறக்குங்க."

டம்ளர் கை மாறிக் கை மாறி வரிசையின் கோடி வரைக்கும் போனது. அங்கிருந்து ஒருவர் எடுத்துக்கொண்டு படியேறினார்.

சாமியப்பன் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டு காத்திருந்தார். பக்கத்தில் குருவிடம் ரசச்சட்டி இருந்தது. கேட்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. எல்லாரும் சாப்பிட்டு எழுந்து போனார்கள்.

கடைசியில் தட்டு இறங்கி வந்தது. சாமியப்பன் டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார்.

"ஆறிப் போச்சுங்களே, சாமி."

"வந்து சேந்துச்சுங்களா?"

"சேந்துச்சுங்க."

குரு உள்ளங்கையை விரித்து நீட்டினார். "அப்ப இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க."

"பக்கத்துலதான உக்காந்திருக்கறேன்? கையெழுத்து எதுக்குங்க?"

"வெச்சுப் பாத்துக்கறதுக்கு."

சாமியப்பன் இடது கை ஆள்காட்டி விரலால் 'சா' என்று எழுதினார். குருவின் கை வெதுவெதுப்பாக இருந்தது. இன்னொரு மனுசர் கையைத் தொட்டு எத்தனை நாளாயிற்று என்று அவருக்கு நினைவில்லை.

விரல் அதற்கு மேல் நகரவில்லை.

அவர் எழுந்தார். கையைக் கழுவினாரோ இல்லையோ, சொல்லிக்கொள்ளக்கூட இல்லை. சாலைக்கு ஓடி வந்து திருச்செங்கோடு பஸ்ஸில் ஏறினார். அதில் இருந்ததே மூன்று பேர்தான். இந்தத் தடத்துக்கு இது நஷ்டம் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டது. போடட்டும் என்று விட்டுவிட்டார்.

இறங்கித் தன் தெருவைத் தாண்டி நடந்தார். இரண்டாவது தெருவில் கால் பின்வாங்கியது. எதையாவது வாங்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு பழக்கடை முன்னால் நின்றார். வாங்கவில்லை.

அண்ணன் வீட்டுக் கம்பிக் கதவைத் தட்டும்போது அவர் கையில் ஒன்றுமே இல்லை.

சுலோச்சனா மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள் போல. கயிற்றின் ஒரு நுனி பல்லில் இருந்தது. நிமிர்ந்து பார்க்காமலே கதவிடம் வந்து, கம்பி வழியாக ஆள்காட்டி விரலை நீட்டினாள்.

"எங்க போடோணும்?"

யாரும் போனை நீட்டவில்லை. அவள் நிமிர்ந்தாள்.

கயிறு வாயிலிருந்து நழுவியது. நீட்டிய விரலை மடக்க அவளுக்குத் தோன்றவில்லை.

"பொட்டி எங்கீங்க?" என்றாள்.

"ஓசூர்ல இருக்குது" என்றார் சாமியப்பன். "நான் நேரா வந்துட்டேன்."