ஓடுகிற விளக்கும் ஒரு பொத்தானும்

"சவரிமுத்துதான் என்னைக் கெடுத்தான் டீச்சர்."

கம்ப்யூட்டர் சென்டர் வாசலிலேயே சொன்னேன். ஃபிலோமி டீச்சருக்கு என் மகள் வயது.

"உக்காந்து சொல்லுங்க அண்ணாச்சி."

உட்காரவில்லை.

போன வருஷம் மாதா கோயில் திருவிழாவுக்கு நான்தான் சீரியல் விளக்கு. கம்ப்யூட்டரில் ஸ்கிரிப்ட் ஓடும், விளக்குகள் அலை அலையாக ஓடும். சப்பரம் தெருமுனையில் திரும்பும்போது நான் ஒரு பொத்தானை அழுத்தினால், அலை மாறி மாதா உருவம் எரிய வேண்டும்.

அதற்கு ஸ்கிரிப்டில் ஒரு வரி எழுதித் தந்தவன் மைக்செட்காரன் சவரிமுத்து.

"பொத்தானுக்குக் காத்திருங்கிற வரி. அது காத்துக்கிட்டே நின்னுட்டு. அலையும் நின்னுட்டு. 'அண்ணாச்சி விளக்குக்கு வாதம் வந்துட்டு'ன்னு மைக்குல சொன்னானே டீச்சர்!"

"மன்னிப்புக் கேட்டாரா?"

"இல்ல. கேக்குற வரைக்கும் என் விளக்குக் கடையத் திறக்க மாட்டேன்னு பூட்டிட்டேன். பங்குச் சாமியார் கெஞ்சினாருன்னு இந்த ஒரு தடவ விளக்குப் போட ஒத்துக்கிட்டேன். நாளைக்குச் சப்பரம். மறுபடி நின்னா, நான் ஊர்ல தலை காட்ட முடியாது."

டீச்சர் ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"ஏறுங்க."

கோயில் மைதானம். பத்தடி போனார். நிறுத்தினார்.

"இறங்கணுமா?"

"வேண்டாம்."

பத்தடி. நிறுத்தினார். "இறங்கணுமா?"

நான் பேசவில்லை. அவர் காத்துக்கொண்டே இருந்தார். வண்டி வெயிலில் நின்றது.

"ஓட்டுங்க டீச்சர், மண்ட காயுது!"

"நீங்க பதிலே சொல்லலியே."

சிரித்தார். "சரி. இறங்கணும்னா கையத் தூக்குங்க."

வண்டி பறந்தது. என் வேட்டியும் பறந்தது.

"மெல்ல தாயீ!"

டீச்சர் பாதையைப் பார்த்தார். கண்ணாடியில் என்னை ஒரு பார்வை. மறுபடி பாதை. மறுபடி கண்ணாடி. வேகம் குறையவே இல்லை.

கையைத் தூக்கினேன். வண்டி நின்றது.

நான் நிற்கவில்லை. செருப்பை விட்டுவிட்டுச் சென்டருக்கு ஓடினேன்.

"காத்திருக்கவே கூடாது டீச்சர்! ஒவ்வொரு அலைக்கும் ஒரு தடவ பொத்தான எட்டிப் பாக்கணும்! அழுத்தியிருக்கா? இல்லயா? அடுத்த அலை! அடிங்க, அடிங்க!"

டீச்சர் கீபோர்டில் அடித்தார்.

மறுநாள் சாயங்காலம் சப்பரம் திரும்பியது. அழுத்தினேன். ஓடிய அலை ஓடியபடியே மாதாவாக எழுந்தது. வேட்டுச் சத்தத்துக்கும் மேலே ஊர் கத்தியது. நானும் கத்தினேன்.

கூட்டத்தில் சவரிமுத்து நின்றான். என்னைப் பார்த்தான். போய்விட்டான்.

"பாத்தீங்களா டீச்சர்! இப்பவும் ஒரு வார்த்த கேக்கல. அவன் கேக்கட்டும், பெறவு கடையத் திறக்கேன்."

டீச்சர் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்க கடை தெருவப் பாத்துத்தான இருக்கு அண்ணாச்சி?"

"ஆமா."

"உள்ள வேலை செஞ்சுக்கிட்டிருந்தாலும், அவரு வந்தா தெரியும்லா?"

விடிந்ததும் கடையைத் திறந்தேன். மூன்று ஊர் விளக்கு வேலை வந்து குவிந்து கிடக்கிறது.

சவரிமுத்து இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டே ஆக வேண்டும்.