பெருந்தலை ஏரியில் மீறிய வாக்கு

இந்தக் கதையில் வரும் மூவரில் ஒருவரும் கெட்டவரல்லர். தீர்ப்புச் சொல்வது அதனால்தான் கடினம். முழுவதும் கேட்டுவிட்டு, யோசித்துச் சொல்லுங்கள்.

பெருந்தலை ஏரி பொதுப்பணித்துறை உதவிப் பொறியாளர் நப்பின்னையின் பொறுப்பில் இருந்தது. கரைக்குக் கீழே ஒரு குடியிருப்பு. மேட்டுக்காலனி என்று பெயர். பெயரில்தான் மேடு. ஏரி நிறைந்தால் ஷட்டரைத் தூக்கி உபரி நீரைக் கால்வாயில் விடுவார்கள். கால்வாய் காலனியைச் சுற்றிக்கொண்டு, மூடிக்கிடந்த தோல் ஆலை ஒன்றை உரசிப் போய் ஆற்றில் விழும். ஊருக்குக் குடிநீர் தரும் மூன்று கிணறுகளும் அந்த ஆற்று மணலில்தான் இருந்தன.

ஆலைக்குச் சீல் வைத்தவர் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி யாகூப். ஆலை நின்றதே தவிர, அதன் பின்புறப் பள்ளத்தில் கழிவு அப்படியே தேங்கிக் கிடந்தது. அள்ளிப் போக வந்த லாரிகளை, வழியில் சிந்தினால் எங்கள் பிள்ளைகளின் கதி என்னவென்று காலனிக்காரர்கள் மறித்துத் திருப்பிவிட்டார்கள். முன்னால் நின்று மறித்தவர் வார்டு கவுன்சிலர் முனிரத்தினம். வேறு வழி தேடுவதற்குள் மழைக்காலம் வந்துவிட்டது. ஆகவே யாகூப் ஓர் ஆணை வாங்கினார்: கழிவை அகற்றும்வரை ஷட்டரைப் பாதிக்கு மேல் தூக்கக் கூடாது, தூக்கினால் கால்வாய் வழிந்து பள்ளத்துக்குள் இறங்கி, கழிவை ஆற்றுக்கு இழுத்துப்போய்விடும்.

"உயிருக்கு ஆபத்துன்னா தூக்கித்தான் சார் ஆகணும்" என்றாள் நப்பின்னை.

"தூக்குங்க மேடம், வேணாங்கல. ஆனா அதுக்கு முன்னாடி நான் கிணத்து மோட்டாரெல்லாம் நிறுத்தணும். நிறுத்திட்டேன்னு சொல்ற வரைக்கும் தூக்க மாட்டேன்னு வாக்குக் குடுங்க."

கொடுத்தாள்.

புயல் கரையைக் கடந்த அன்று, விடிந்தும் வெளிச்சமில்லை. ஷட்டர் பாதி திறந்திருந்தும் ஏரி ஏறிக்கொண்டே இருந்தது. அலை கரையின் தலையை நக்கத் தொடங்கியபோது நப்பின்னை யாகூபை அழைத்தாள். கிணறுகளுக்குக் கிளம்பிவிட்டதாகச் சொன்னார். காலனி மக்களைப் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்த முனிரத்தினம் சேறும் சகதியுமாகக் கரைக்கு ஓடி வந்தார்.

"என்னா மேடம் பாத்துக்கினு நிக்கிறீங்க? முழுசாத் தூக்குங்க! பாதி ஜனம் இன்னும் கீழதான் இருக்குது."

அவள் கரையின் அடியைக் காட்டினாள். அங்கே நீர் ஊறி வந்துகொண்டிருந்தது. "தெளிவா வருது பாருங்க. தெளிவா இருக்கற வரைக்கும் கரை தாங்கும். கலங்கிச்சுன்னா உள்ள மண்ணை அரிக்குதுன்னு அர்த்தம்."

"கலங்கினப்புறம் பாக்க நாங்க இருக்கணுமே!"

அரை மணி கழித்து அவள் கைப்பேசி அடித்தது. "ரெண்டு கிணறு நிறுத்தியாச்சு மேடம். மூணாவதுக்குப் போறேன். வழியில மரம் விழுந்து கெடக்குது, நடந்துதான் போகணும். தாக்குப்பிடிங்க" என்றது யாகூபின் குரல். அதோடு சிக்னல் போய்விட்டது.

நப்பின்னை கரையடியில் குந்தி, ஊறிவந்த நீரை மறுபடியும் உள்ளங்கையில் ஏந்தினாள். பழுப்பாக இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்தாள், நறநறவென்றது. கீழே, கோழிக்கூண்டைத் தலையில் வைத்துக்கொண்டு ஒரு குடும்பம் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்துகொண்டிருந்தது. கைப்பேசியைப் பார்த்தாள். மறுபடி அழைத்தாள். மறுபடியும். அதற்குள் முனிரத்தினம் கடப்பாரையோடு ஷட்டர் அறையின் பூட்டருகே போய்விட்டார்.

"தள்ளுங்க" என்றாள். "உடைக்க வேணாம். நானே திறக்கறேன்."

முழுவதும் தூக்கினாள். ஏரி இறங்கியது. ஊற்று மெல்லத் தெளிந்தது. காலனியில் ஒரு சுவர்கூட விழவில்லை. ஆனால் கால்வாய் வழிந்து பள்ளத்துக்குள் புகுந்து, கழிவை வாரிக்கொண்டு ஆற்றுக்குப் போனது. யாகூப் நீந்தாத குறையாக மூன்றாவது கிணற்றை அடைந்து மோட்டாரை நிறுத்தியபோது, கெட்ட நீர் அந்தக் கிணற்றின் தொட்டிக்கு ஏறியிருந்தது. அதைக் குடித்த தெருக்காரர்கள் பலர் ஆஸ்பத்திரியில் விழுந்தார்கள். ஏற்கெனவே சிறுநீரகம் பழுதாகியிருந்த பூக்காரர் தனகோட்டி மட்டும் திரும்பி வரவில்லை.

தாலுகா அலுவலகத்தில் விசாரணை நடந்தது. "வாக்குக் குடுத்தாங்க. இன்னும் கொஞ்சம் பொறுத்திருந்தா அவர் பிழைச்சிருப்பார்" என்றார் யாகூப். "நான் கேட்டப்பவே திறந்திருந்தா, ஜனங்க உயிரைக் கையில பிடிச்சிக்கினு ஓடியிருக்க வேணாம்" என்றார் முனிரத்தினம். "ஊத்து கலங்கிடுச்சு" என்றாள் நப்பின்னை.

பின்வரிசையிலிருந்து தனகோட்டியின் மனைவி குப்பம்மாள் எழுந்தாள்.

"எல்லாரும் சரியாத்தான் செஞ்சிருக்கீங்க. அப்புறம் எம்புருசன் ஏன் செத்தாரு?"

கேட்டவர்களே, நீங்கள் சொல்லுங்கள்: முழுசாகத் திற என்றவர், பொறு என்றவர், பொறுத்துவிட்டுத் திறந்தவள். இதில் யார் செய்தது சரி?

விடை: முனிரத்தினம் சொன்னபோதே திறந்திருந்தால் மூன்று கிணறுகளும் கெட்டிருக்கும், ஊரே குடித்திருக்கும். யாகூபின் சொல்லுக்காகக் கடைசிவரை காத்திருந்தால் கரை உடைந்திருக்கும். அந்த வெள்ளம் காலனியோடு பள்ளத்தையும் வாரிக்கொண்டு அதே கிணற்றுக்குத்தான் போயிருக்கும். எதைக் காக்க வாக்குக் கொடுத்தாளோ, அதையும் காக்க முடியாமல் போகும் நொடிவரை நப்பின்னை வாக்கைக் காத்தாள். அன்று அவள் செய்ததே சரி. ஆனால் குப்பம்மாள் கேட்டது அந்த ஒரு நாளைப் பற்றியல்ல. வெயில் காலம் முழுக்கப் பள்ளம் நிறைந்தே கிடந்தது. ஒருவர் லாரியைத் திருப்பினார், ஒருவர் ஆணை வாங்கினால் போதுமென்றிருந்தார், ஒருத்தி அது வேறு துறையின் வேலையென்று கடந்துபோனாள். நப்பின்னை இதை அந்தக் கூடத்திலேயே எழுந்து சொன்னாள். குப்பம்மாள் அவளைத் திட்டவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை. "மிச்சம் இன்னும் அந்தப் பள்ளத்துலதானே கெடக்குது? எப்ப அள்ளப் போறீங்க?" என்று மட்டும் கேட்டாள்.